வாக்மேனையும் திருப்பிப் பாருங்கள்

தென்னேரிப் பக்கம் நெசவு தெரிந்தவர் கையில் ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்துப் பாருங்கள். முந்தானையின் பக்கம் அப்புறம்தான் போவார். முதலில் துணியைத் திருப்புவார். கரையும் உடலும் சேரும் கோர்வையில் கட்டைவிரலை ஓட்டுவார். சினிமாவில் வந்த ஒரு பழைய பொருளை அச்சு அசலாகச் செய்திருக்கிறேன் என்று யாராவது நீட்டினால் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' (2014) பார்த்தவர்களுக்கு அந்த நீலப் பெட்டி மறந்திருக்காது. சிறையிலிருந்து தப்பும் அவசரத்திலும் பீட்டர் குவில் அதை எடுக்கத் திரும்பிப் போவான். அம்மா பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பதிந்து கொடுத்த கேசட்டைக் கேட்பது அதில்தான். பெட்டி கற்பனை இல்லை. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென்னுக்கு வந்த சோனியின் முதல் வாக்மேன், டி.பி.எஸ்.-எல்2. அந்த அசல் கைக்கு எட்டாத ரசிகர்கள், கிடைத்த பழைய பிளேயரைப் பிரித்து, பெயின்ட் அடித்து, அதுபோல ஆக்கிக்கொள்கிறார்கள்.

அப்படி ஒன்று கையில் வந்தால் முதலில் ஆரஞ்சுப் பட்டனைத் தேடுங்கள். இந்த மாடலில் இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். நடுவில் பேச வேண்டுமா, பட்டனை அழுத்தினால் பாட்டு தணியும். உள்ளிருக்கும் மைக் வழியே பேச்சு காதில் விழும். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையாக இருக்காதே என்று சோனியின் அகியோ மொரிட்டா தயங்கியதால் வந்த ஏற்பாடு அது. துளை ஒன்றுதான் இருக்கிறது என்றால் செய்தவர் படத்தைப் பார்த்திருக்கிறார், பெட்டியைப் பார்க்கவில்லை.

அடுத்தது தேய்மானம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். உப்புத்தாளை எடுத்து நாலு ஓரத்தையும் ஒரே மாதிரி தேய்த்துவிடுவார்கள். கை அப்படித் தேய்க்காது. பிளே பட்டனை ஒட்டிய விளிம்பு, மூடியை நகத்தால் நெம்பும் மூலை, இடுப்பில் உரசும் முதுகு, இந்த இடங்களில்தான் நீலம் போய் உலோகம் பல்லைக் காட்டும்.

கேசட் லேபிளையும் படியுங்கள். ரெக்கார்டிங் சென்டரில் வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்த தலைமுறைக்குத் தெரியும்: கடைசி இரண்டு பாட்டின் பெயர் எப்போதும் நெருக்கியடித்துத்தான் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இனி திருப்பிப் பாருங்கள். இது பாட வேண்டுமா? படப்பிடிப்புக்குத் தேவையில்லை, பாட்டை அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். எனக்குப் பாட வேண்டும். தறியில் ஓடுவதும் நாடா, கேசட்டில் ஓடுவதும் நாடா. இரண்டுமே ஓடினால்தான் பெயருக்குப் பொருள். நாற்பது வருஷப் பெட்டிக்குள் ரப்பர் பெல்ட் வெல்லப்பாகு மாதிரி உருகி ஒட்டிக்கிடக்கும். சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புதுப் பெல்ட் மாட்டி, ஹெட்டைப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். பெல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டு இழுக்கும். நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். நீண்ட ஸ்வரத்தில் சின்ன நடுக்கமும் மறையாது. ஓடுகிற அசலைக் குடைந்து ப்ளூடூத் வைப்பவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெள்ளி ஜரிகையை உருவிவிட்டுப் பிளாஸ்டிக் இழை கோத்த மாதிரி.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், படத்தில் வந்த மாடலோ வேறோ, இன்றைக்கே இறக்கி முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பெல்ட்டை மாற்றிவிடலாம். பேட்டரி கசிந்து அரித்த ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் பெரும்பாடு.