இரட்சணிய யாத்திரிகம் காட்டும் பாவமும் நீதியும்

தமிழ் வழக்கில் 'பாவம்' என்னும் சொல் இரு பொருள்பட வழங்குதல் யாவரும் அறிந்ததே. செய்த தீமையும் பாவம். துன்புறுவோனைக் கண்டு இரங்குமிடத்து எழும் சொல்லும் பாவம். சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் வாழும் திருகோணமலை மாவட்டத்திலே, நிலாவெளிக்கு வடக்கேயுள்ள இறக்கக்கண்டி போன்ற கடலோர ஊர்களில், வலையில் மீன்படாது கரை மீள்பவனைப் 'பாவம்' என்பவர் எவரும் அவனைத் தீவினையாளன் என்று கருதார். குற்றமும் இரக்கமும் ஒரு சொல்லில் அடங்கிய இம்மொழியிலே கிறித்தவர் கூறும் பாவம், தெய்வ நீதி, இரட்சிப்பு என்பன காப்பியமாகியவாற்றை ஆராய்தல் தகும்.

அக்காப்பியம் 1894 இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம். ஆசிரியர் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பன் கவியில் தோய்ந்து, 1858 இல் திருமுழுக்குப் பெற்றவர். சான் பனியன் 1678 இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலே இதற்கு முதனூலாகும். பாவச்சுமை தாங்கிய ஒருவன் அழிவுக்குரிய நகரை நீங்கி வானகரை நாடிச் செல்லுதலே கதை.

அச்சுமை யாது? சைவ மாணவன் அதனை உடனே வினையெனக் கொள்வான், அது பொருந்தாது. ஆதி மனிதனின் கீழ்ப்படியாமையால் மனித இயல்பிற் புகுந்த கேட்டையே கிறித்தவர் மூலபாவம் என்பர். உயிரோடு ஒட்டி நிற்கும் தன்மையால் அது ஆணவ மலத்துக்கு அணித்தானது. எனினும் ஆணவம் அனாதி; மூலபாவத்துக்குத் தொடக்கம் உண்டு. அனாதியான இருளுக்கு உயிரைக் குறைகூறுவார் இலர். நல்லவனாகப் படைக்கப்பெற்றுப் பின் கெட்டவனோ குற்றவாளியாகிறான். ஆதலின் அவன் முன்னே நீதிபதி நிற்கின்றான்.

நீதிபதி கருணையால் வாளா மன்னிப்பின் நீதி கெடும். நீதியால் ஒறுப்பின் உலகு கெடும். இம்முடிச்சை அவிழ்க்கவே கான்டர்பரி அன்செல்ம் என்னும் அறிஞர் 1098 அளவில், மனிதன் தீர்க்கவேண்டிய கடனை மனிதனாகி வந்த கடவுளே தீர்த்தார் என வாதித்தார். பின்வந்த சீர்திருத்தச் சபையார் கடன் என்பதைத் தண்டனை எனக் கொண்டனர். பனியனும் கிருட்டிணபிள்ளையும் அவ்வழி வந்தோரே.

இங்கே மதுரைத் திருவிளையாடல் நினைவுக்கு வருகின்றது. பிட்டுக்கு மண் சுமந்த பெருமான்மேற் பாண்டியன் வீசிய பிரம்படி எல்லா உயிர்கள்மேலும் பட்டது. கல்வாரியிலோ எல்லார்மேலும் படவேண்டிய அடி ஒருவர்மேற் பட்டது. முன்னது இறைவன் எவ்வுயிரிலும் நிறைந்தவன் என்பதைக் காட்டும். பின்னது அவன் எவ்வுயிருக்கும் ஈடாக நின்றான் என்பதைக் காட்டும். இரண்டும் அருட்செயல்களே, ஆனால் ஒன்றன் பொருளை மற்றொன்றில் ஏற்றுதல் இரண்டையும் சிதைப்பதாகும்.

இவ்வேறுபாட்டைக் கவிஞர் உணர்ந்தே பாடினார் என்பதற்கு நூலமைப்பே சான்று. பனியன் நூலிற் சிலுவைக் காட்சி சுருக்கமானது. சுமை நழுவி வீழப் பயணி மேற்செல்கின்றான். கிருட்டிணபிள்ளையோ இயேசு பெருமான் பாடுகளைக் குமார பருவத்திலே விரித்துப் பாடுகின்றார். இகழ்வார் நடுவே மறுமொழியின்றி நிற்கும் குற்றமற்றவரின் பொறுமையைப் பாடுமிடத்துக் கவிஞரின் தமிழ் கம்பன் காட்டிய நெறியிலே தடையின்றி ஓடுகின்றது. 'பாவம்' என்னும் சொல்லின் இரு பொருளும் அங்கே ஒன்றுகூடுகின்றன: பாவமில்லாதவரைப் பார்த்துப் பாவம் என்று நெஞ்சு உருகுகின்றது.

குறையும் உண்டு. கொள்கையை உரையாடலாக விளக்குமிடங்களிற் கவிதை தளர்ந்து போதனையாகின்றது. முத்தி போன்ற பழஞ்சொற்கள் பிறப்பறுதல் என்னும் தம் பழம்பொருளையும் உடன்கொணர்ந்து கற்போரை மயக்குகின்றன.

ஒருவன் செய்ததை மற்றொருவன் நுகர்தல் யாங்ஙனம் என்னும் வினா, வினைக்கொள்கையில் ஊன்றியவர்க்கு எழவே எழும். தருக்கத்தால் இந்நூல் அதனைத் தீர்த்துவிடவில்லை. பிறர்க்காக ஒருவர் விரும்பி ஏற்ற துன்பத்தைக் கண்முன் நிறுத்தி, அவ்வினாவின் கடுமையை மட்டும் குறைக்கின்றது. கொள்கையில் உடன்படாத சைவனும் குமார பருவத்தைக் கண்ணீரோடு கற்கக்கூடும். இக்காப்பியம் பெற்ற வெற்றி அதுவே.