செட்டிநாட்டு வீட்டில் தங்கலாமா?

காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்று இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கானாடுகாத்தான், கோத்தமங்கலம் போன்ற ஊர்களில் விடுதியாக மாறியிருக்கும் பழைய செட்டியார் வீடு. மற்றது, ஊருக்குள் லிஃப்டும் ஏசியும் உள்ள புது ஓட்டல். பழைய வீட்டுக்குப் பெரும்பாலும் வாடகை கூடுதல். அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்பதுதான் யோசிக்க வேண்டியது.

நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் வீட்டு அழகெல்லாம் பொது இடங்களில் இருக்கிறது. திண்ணை, முகப்பு, பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் வளவு என்ற உள்கட்டு, அதன் நடுவில் வானம் பார்த்த முற்றம், காலுக்குக் குளுமையான ஆத்தங்குடிக் கல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் கை வைத்தால், வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் சில்லென்று இருக்கும். ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகள் சிறியவை, இருட்டானவை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று ஒதுக்கி, சீர் சாமானையும் பெட்டிகளையும் அதில் வைத்துப் பூட்டினார்கள். பகல் பொழுதெல்லாம் அறைக்கு வெளியே வளவில்தான்.

ஓட்டல் தொழிலோ அறையைத்தான் விற்கிறது. அங்கேதான் சிக்கல். இரண்டு அறையை இடித்து ஒன்றாக்கி, குளியலறை சேர்த்து, ஏசிக்குச் சுவரைத் துளைத்தால் வசதி வரும்; வளவின் கதவு வரிசை கெடும். ஒன்றும் தொடாமல் விட்டால் வந்தவர் மூச்சு முட்டுகிறது என்பார். நன்றாக அமைந்திருக்கும் விடுதிகளைக் கவனித்தால் காரணம் புரியும். காரைக்குடியில் 1999 முதல் விடுதியாக நடக்கும் ‘பங்களா’ விருந்தினரை உபசரிக்கவே கட்டப்பட்டது. கானாடுகாத்தானில் உள்ள ‘விசாலம்’ ஒரு தந்தை மகளுக்காக எழுப்பிய, 1930களின் ஆர்ட் டெக்கோ பாணி வீடு. இரண்டுமே வழக்கமான வளவு வீட்டிலிருந்து விலகியவை.

அப்படியானால் வளவு வீடுகளை விடுதியாக்கவே கூடாதா? ஆக்கத்தான் வேண்டும் என்பேன். நகரத்தாரின் பர்மா வியாபாரம் போன பிறகு இந்த வீடுகளைத் தாங்கப் பணமில்லை. பங்காளிகள் பலர், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் ஓடு சரிந்தால் பார்க்க ஆளில்லை. கடைசியில் வீட்டைப் பிரித்து விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாக விலைக்கு நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. விடுதியாக ஓடும் வீட்டில் தச்சருக்கும் கொத்தனாருக்கும் வருஷம் தவறாமல் வேலை இருக்கிறது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் வாடகைக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் எல்லோருக்கும் அந்த வீடு பொருந்தாது. தெருவிலிருந்து ஏறவே பல படி. உள்ளே உயர்ந்த வாசற்படிகள். மூட்டுவலிக்காரரைக் கூட்டிப்போனால் அவருக்குத்தான் தண்டனை. உறவுக்காரர் கல்யாணத்துக்கு ராத்திரி வந்து விடிகாலை முகூர்த்தத்துக்கு ஓடுகிறவருக்கும் புது ஓட்டலே போதும். முற்றத்தில் உட்காராதவருக்கு வளவு எதற்கு?

நேரம் இருக்கிறவர்கள் பழைய வீட்டில் ஒரு பகலாவது முழுதாக இருக்கும்படி தேதி போடுங்கள். பதிவு செய்யும்போதே அறை தரைத்தளமா மாடியா, ஜன்னல் உண்டா, எத்தனை படி என்று கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே சொல்லிவிட்டால், வெயில் முற்றத்தில் நகர்வதை உட்கார்ந்து பார்க்கலாம்.