மொட்டைமாடிக்கு வந்த வியாழன்

சென்னையில் குடியிருந்துகொண்டு வானத்தைப் படம்பிடிக்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். தெருவிளக்கு, நகைக்கடை விளம்பரப் பலகை, எதிர் அடுக்ககத்தின் மாடிப்படி விளக்கு என்று இரவும் பகலாகவே இருக்கும் ஊரில் என்ன தெரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. பால்வீதியைத் தேடுகிறவனுக்கு அந்தக் கவலை நியாயம். கோள்களைத் தேடுகிறவனுக்குக் கவலையே வேண்டாம்! வியாழனும் சனியும் வெள்ளியும் செவ்வாயும் ஊர் வெளிச்சத்தைக் கொஞ்சமும் சட்டை செய்வதில்லை. அவை அவ்வளவு பிரகாசம். அவற்றைப் படம்பிடிக்க இருட்டு தேவையில்லை, அலையாத காற்று போதும். இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு நான் கொடுக்கும் மரியாதையே வேறு.

என்னிடம் இருப்பது 127 மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள மக்சுடோவ் வகைத் தொலைநோக்கி. ஐந்து அங்குலம்தான். பள்ளிக்கூடப் பையில் போட்டு எடுத்துப் போகலாம். ஒளி உள்ளே முன்னும் பின்னுமாகப் போய் வருவதால் இந்தக் குட்டைக் குழாய்க்குள் 1,500 மில்லிமீட்டர் குவியத் தூரம் அடங்கிவிடுகிறது. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமராவைச் செருகுகிறேன். கேமராவிலிருந்து ஒரு கம்பி லேப்டாப்புக்கு. கருவி என்று பார்த்தால் இவ்வளவுதான். விலை உயர்ந்த டிஎஸ்எல்ஆர் எல்லாம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. சொல்லப்போனால் இந்த வேலையில் அது பின்தங்கிவிடும்.

ஏன் என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் மொத்த அழகும் இருக்கிறது. கேமராவைச் செருகி லேப்டாப்பில் முதலில் பார்க்கிற வியாழன் ஏமாற்றம்தான். கிணற்றடியில் கிடக்கும் காசை அலையடிக்கும் நீர் வழியாகப் பார்க்கிற மாதிரி, நெளிகிறது, நீள்கிறது, ஒரு பக்கம் தெளிகிறது, மறுபக்கம் கரைகிறது. நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் வேலை இது. சூடும் குளிருமான காற்றுக் குமிழிகள் புரண்டுகொண்டே இருக்க, ஒளி ஒவ்வொரு நொடியும் வேறு வேறு பக்கம் வளைகிறது. இந்த நிலையில் ஒரே ஒரு படம் எடுத்தால் நீங்கள் எடுப்பது வியாழனை அல்ல, காற்றை.

ஆனால் நூறில் ஒரு பங்கு நொடிக்கு அந்தக் காற்று அசையாமல் நிற்கும். நின்ற மறுகணம் மறுபடி புரளும். அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், கேமராவுக்கு எளிது. அதனால் படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறோம். நொடிக்கு 100 பிரேம் வீதம் ஒன்றரை நிமிடம் ஓடவிட்டால் 9,000 பிரேம். அவற்றில் முக்கால்வாசிக்கு மேல் குப்பை. மிச்சமிருப்பவை காற்று கண் அயர்ந்த கணங்கள். அவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வியாழன் வெளியே வருகிறது. லக்கி இமேஜிங் என்கிறார்கள். டேவிட் ஃப்ரைட் என்கிற இயற்பியலாளர் 1978இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்: தொலைநோக்கியின் வாய் பெருக்கப் பெருக்க, இப்படி ஒரு தெளிவான கணம் அமையும் வாய்ப்பு கிடுகிடுவெனச் சரிந்துவிடும். பெரிய கண்ணாடியில் நுணுக்கம் கூடுதலாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காற்று அரிதாகத்தான் வழிவிடும். என் ஐந்து அங்குலத்துக்கோ அடிக்கடி அதிர்ஷ்டம் அடிக்கும்! சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேறு கிடையாது.

பொறுக்கும் வேலையை நாம் செய்வதில்லை. எமில் கிராய்காம்ப் என்ற நெதர்லாந்துக்காரர் எழுதிய ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற மென்பொருள் செய்கிறது. இலவசம். 9,000 பிரேமையும் தரம் பார்த்து வரிசைப்படுத்தி, நல்லவற்றை இம்மி பிசகாமல் பொருத்தி அடுக்கிக் கொடுக்கும். 100 பிரேம் அடுக்கினால் புள்ளி புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், 900 அடுக்கினால் முப்பதில் ஒரு பங்கு. அடுக்கி முடித்த படம் வழவழவென்று, ஆனால் மங்கலாகத்தான் இருக்கும். அதை ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் திறந்து, வேவ்லெட் என்ற கட்டத்தில் ஒரு ஸ்லைடரை மெல்ல வலப்பக்கம் இழுக்க வேண்டும்.

அந்த இழுப்பைப் பற்றி எழுத வார்த்தை போதாது. மங்கல் வட்டத்துக்குள்ளிருந்து இரண்டு பழுப்புப் பட்டைகள் எழுந்து வருகின்றன. பட்டையின் ஓரம் நேர்க்கோடு இல்லை, சுருள் சுருளாகக் கிழிந்திருக்கிறது என்பது தெரிகிறது. தெற்குப் பட்டையின் குழிவில் செம்மஞ்சளாக ஒரு முட்டை. பெரும் சிவப்புப் புள்ளி! பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று பூமிகள் அடங்கும் அகலத்தில் இருந்த புயல், இப்போது சுருங்கி ஒரு பூமிக்குச் சற்று மேல் நிற்கிறது. அதை எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு அடியில் உட்கார்ந்து நானே எடுத்தேன் என்று நினைக்கும்போது வருகிற கிறுகிறுப்பு இன்றுவரை குறையவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: கை நிற்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் கோளின் விளிம்பில் இல்லாத வளையமெல்லாம் முளைக்கும். கொஞ்சம் மென்மையாக விட்ட படமே எனக்குப் பிடிக்கும். இணையத்தில் வாய்பிளக்கவைக்கும் பல படங்கள் என் கண்ணுக்கு அதிகம் வெந்தவை.

வியாழனிடம் இன்னொரு குறும்பு. அவ்வளவு பெரிய உருண்டை தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்வது 9 மணி 55 நிமிடம்தான். ஆகவே வீடியோவைச் சாவகாசமாக நீட்ட முடியாது. இரண்டு மூன்று நிமிடம் தாண்டினால் சிவப்புப் புள்ளியே இழுபட்டுவிடும். அந்தச் சுழற்சியைக் கணக்கிட்டுத் திருப்பிச் சுற்றிச் சரிசெய்ய வின்ஜூபோஸ் என்றொரு மென்பொருள் உண்டு. அதற்குள் நுழைந்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும். நான் அதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒரு வீடியோ என்று எடுத்துக் கடைசியில் கோத்து, கோள் உருளுவதைப் பார்க்கத்தான் ஆசைப்படுவேன். ஒரு பக்கத்தில் வியாழனின் நிலவான ஐயோவின் நிழல் மைப்பொட்டாக நகர, மறுபக்கம் சிவப்புப் புள்ளி திரும்பி மறையும் இரவு கிடைத்தால் மறுநாள் அலுவலகத்தில் என்னைப் பிடிக்க முடியாது.

நம் ஊருக்கு இருக்கும் வரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கோள்கள் எல்லாம் சூரியன் போகும் பாதையை ஒட்டியே போகின்றன. அந்தப் பாதை நமக்குத் தலைக்கு மேல். 2019இல் வியாழன் தெற்கே ஒதுங்கிக் கிடந்தபோது லண்டனில் அது அடிவானத்துக்கு மேல் 16 டிகிரிதான் ஏறியது. கூரைக்கும் புகைபோக்கிக்கும் நடுவே எட்டிப் பார்த்திருப்பார்கள், பாவம். அதே வியாழன் சென்னையில் 54 டிகிரி ஏறி நின்றது. அது நமக்கு மோசமான வருடம்! 2024 டிசம்பரிலும் 2026 ஜனவரியிலும் ஏறக்குறைய உச்சந்தலைக்கே வந்துவிட்டது. உயரே ஏற ஏற ஒளி கடந்துவரும் காற்று குறைவு, படம் தெளிவு. உலகின் தலைசிறந்த வியாழன் படங்கள் பலவற்றை எடுத்த கிறிஸ்டோபர் கோ இருப்பது பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில். அதன் அட்சரேகை நம் திண்டுக்கல்லுக்கு நேர். பெரிய மலை ஆய்வகம் ஒன்றும் இல்லை, ஊருக்குள்ளிருந்துதான். வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறிவிட்டதை 2006 பிப்ரவரியில் 11 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்து உலகுக்குச் சொன்னவர் அவர்தான்.

வரத்தோடு ஒரு தொல்லையும் ஒட்டி வருகிறது. தொலைநோக்கியின் தாங்கியை நேர்படுத்தத் துருவ நட்சத்திரம் வேண்டும் என்பார்கள். சென்னைக்கு அது 13 டிகிரி உயரத்தில், அதாவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நல்லவேளை, கோள்களுக்கு இத்தனை துல்லியம் வேண்டாம். ஒன்றரை நிமிடம் கோள் திரைக்குள் நின்றால் போதும்.

காற்றைத் தெரிந்துகொள்வதுதான் நிஜமான பாடம். நட்சத்திரங்கள் அழகாக மினுக்கினால் அன்று வேலைக்கு ஆகாது. மினுக்காமல் மந்தமாக நின்றால் ஓடிப்போய்த் தொலைநோக்கியை எடுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அதனால் மாலையிலேயே தண்ணீர் தெளித்து வைப்போம். ஏசியின் வெளிப்பெட்டி இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. ஏசி அறையில் இருந்த தொலைநோக்கியை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனால் சென்னையின் ஈரக்காற்று முன்கண்ணாடியில் உடனே படிந்து வெண்மையாக்கிவிடும். ஆகவே அது எங்கள் வீட்டில் புழுக்கமான ஸ்டோர் அறையில்தான் குடியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பளிச்சென்ற வானத்தைவிட லேசான மூட்டம் போட்ட வானமே பல சமயம் நல்லது. மூட்டம் நிற்கிறதென்றால் காற்று ஓடவில்லை. 2025 பொங்கல் சமயம், போகிப் புகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்த வானத்தில் செவ்வாய் கம்பீரமாக ஏறியது. சூரியனுக்கு நேர் எதிரே அது வந்த நாள் ஜனவரி 16, காணும் பொங்கல். அகலம் வெறும் 14.6 விகலை. ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு விகலை. அந்தத் துக்கடா வட்டத்துக்குள்ளே வடதுருவத்துப் பனித்தொப்பி வெள்ளையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

சனிக்கு வருகிறேன். சனியைப் பற்றிப் பேச்செடுத்தாலே கீழ்வீட்டு அத்தைக்கு ஆகாது.

“சனிப் பார்வை மேல படக் கூடாதுன்னு நான் எள் விளக்கு போட்டுட்டு வர்றேன், நீ அதைத் தேடிப் போய் பாக்குறியாடா?”

“அவர் நம்மளைப் பாக்கலை அத்தை, நாமதான் அவரைப் பாக்குறோம்.”

வளையம் ஓரளவு விரிந்திருந்த 2023இல் அத்தையை மாடிக்கு வரவழைத்துவிட்டேன். ஐபீஸில் கண் வைத்தவர் கண் எடுக்க மறுத்தார். “ஸ்டிக்கர் எதும் ஒட்டி வெச்சிருக்கியா?” என்று கேட்டது தவிர வேறு பேச்சில்லை. முதன்முறை சனியைப் பார்க்கும் யாருமே நம்புவதில்லை. அவ்வளவு ஒழுங்காக, அச்சடித்ததாக இருக்கும். வியாழனைவிட மங்கல் என்பதால் ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று மடங்கு ஒளி நேரம் தர வேண்டும், வீடியோவையும் நீட்ட வேண்டும். ஸ்லைடரை இழுத்ததும் வளையத்தின் இரு கோடியிலும் காசினி இடைவெளி என்ற பிளவு கறுப்பு மயிரிழையாகப் பிரிந்தது. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பு காட்டித் திரும்பியபோது சனி சூரியனுக்குப் பக்கத்தில் மறைந்து நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் பிடித்தேன், கோளின் குறுக்கே ஒரு கோடு மட்டும்.

சென்னைக்கும் சனிக்கும் பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான் ஆய்வகத்தின் தலைவர் டபிள்யூ. எஸ். ஜேக்கப், சனியின் உள்பக்கத்து மங்கல் வளையத்தின் ஊடே கோளைப் பார்க்க முடிகிறது என்று 1852இல் கண்டு சொன்னார். அதே காலத்தில் ஆங்கில வானியலாளர் வில்லியம் லாசலும் அதைக் கண்டார். ஜேக்கப்பின் கருவி ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கேமரா இல்லை, லேப்டாப் இல்லை. அந்த நல்ல கணங்களை எல்லாம் கண்ணாலேயே பொறுக்கியிருக்கிறார் மனிதர்.

இன்றும் இந்தத் துறையில் மாடிக்காரர்களுக்கு மதிப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி 2009 ஜூலை 19 அன்று தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்தருகே ஒரு கறுப்புத் தழும்பைப் பார்த்தார். ஏதோ ஒன்று மோதியிருக்கிறது! அவர் சொன்ன பிறகுதான் பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. எந்த அரசு ஆய்வகமும் ஒரே கோளை இரவெல்லாம் காவல் காக்க முடியாது. நாம் காக்கலாம், காசும் கேட்க மாட்டோம். என் ஐந்து அங்குலத்துக்கு அந்த யோகம் அடிக்குமா என்று தெரியாமலேயே ஒவ்வொரு வீடியோவையும் தேதி, நேரத்தோடு பத்திரப்படுத்துகிறேன்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேமராவே வாங்க வேண்டாம். கைபேசியை ஐபீஸோடு பிடிக்கும் கவ்வி சில நூறு ரூபாயில் தொடங்கிக் கிடைக்கிறது. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டேக்கர்ட் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி உள்ளே கொடுங்கள். வியாழனின் இரண்டு பட்டையும் நான்கு நிலவும் அதிலேயே வரும். தொலைநோக்கி வாங்கும்போது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்காதீர்கள், வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் உருப்படியாகக் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் குழாயின் பெட்டியில் 500 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.