முதுகுக்குப் பின்னால் ஒரு விமர்சன மரபு

நோத்ர-டாம்-த-கிரேஸில் மாதமொருமுறை கூடிவந்த ஒரு வாசகர் வட்டம் கலைந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள், தேத்தண்ணிச் செலவுக்கு ஆளுக்குச் சில டொலர்கள் என்பனவே அதன் சொத்து. கொள்கை மோதல் எதுவும் அதைக் கலைக்கவில்லை. ஒரு சிறுகதைத் தொகுதி பற்றிக் கூட்டத்தில் எல்லோரும் 'நல்லாயிருக்கு' என்றார்கள். அன்றிரவே தொலைபேசியில் இருவர் இருவராக வேறு கதை பேசினார்கள். அந்தப் பேச்சு, சொன்னவரின் பெயர் மாறி, நூலாசிரியரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு புத்தகப் பெட்டி யாரிடம், காசு யாரிடம் என்ற கேள்விகள், அவையும் தொலைபேசியில்தான். அத்துடன் வட்டம் முடிந்தது.

பொழுதுபோக்காகக் கூடுகிற ஓர் இடத்துக்கு இவ்வளவு விசாரணை தேவையா என்று கேட்கலாம். பொழுதுபோக்கு என்பதால்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. பதவியோ சம்பளமோ வாக்கோ சம்பந்தப்படாத இடத்திலேயே மனம்விட்டுப் பேச முடியாத நாம், கோயில் நிர்வாக சபையிலும் ஊர்ச் சங்கத்திலும் எதைப் பேசப்போகிறோம்?

'இது தமிழனின் குணம்' என்ற சலித்துப்போன விளக்கத்தால் பயனில்லை. நமது மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஆகஸ்ட் 11இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது சில நாட்களில் வெளிவந்தது. அகதிகள் குறித்த விவாதத்தில் அந்தப் பொய் அவர்களுக்கு எதிராகவே பயன்பட்டது. ஆனால் திருப்பி அனுப்பப்படுவோமோ என்று அஞ்சுபவனிடமிருந்து முழு உண்மையையும் எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்? அதிகாரிக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, ஊரானுக்கு ஒன்று என்று அளந்து பேச அகதி வாழ்வு நம்மில் பலருக்குக் கற்றுத்தந்தது.

அடுத்த பயம் நமக்குள்ளிருந்தே வந்தது. 1993இல் ரொறன்ரோவில் பத்திரிகையாளர் டி.பி.எஸ். ஜெயராஜ் கடுமையாகத் தாக்கப்பட்டார். 1994 மே 1இல் பாரிஸில் சபாரத்தினம் சபாலிங்கம் தனது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் புனைபெயரில் எழுதியவர்களையும், கூட்டத்தில் வாய்திறவாதிருந்தவர்களையும் கோழைகள் என்று இன்று ஏசுவது சுலபம், அது நேர்மையல்ல. அவர்களது பயத்துக்குக் காரணம் இருந்தது. நமது விமர்சனம் வேறிடத்தில் தொடங்குகிறது. 2009இல் யுத்தம் முடிந்தது. ஒரு சிறுகதைத் தொகுதியைப் பற்றி உள்ளதைச் சொன்னதற்காக இன்று மொன்றியலில் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. காரணம் போன பிறகும் பழக்கம் ஏன் போகவில்லை?

இந்தச் சூழலில் மாற்று வழியொன்றைத் தேடியது இலக்கியச் சந்திப்பு. 1988இல் ஜேர்மனியின் ஹேர்ண நகரில் தொடங்கி, ஐரோப்பிய நகரங்களினூடாக நகர்ந்து வந்த அது, தலைவரையோ நிரந்தர நிர்வாகத்தையோ வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சந்திப்பு முடிகையில் அடுத்ததை எந்த நாட்டினர் பொறுப்பேற்பது என்று அங்கேயே பேசித் தீர்மானிப்பதே மரபு. இயக்கங்களின் அதிகாரத்தைக் கண்டு சலித்தவர்கள், அதிகாரமே இல்லாத ஒரு வெளியை விரும்பியது விளங்கிக்கொள்ளக் கூடியதே. மாற்றுக் கருத்தை நேருக்கு நேர் வைத்து, காரசாரமாகச் சண்டையிட்டு, பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை அது காட்டியது. இது சிறிய சாதனையல்ல.

ஆயினும் அந்த அமைப்பின்மையை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோமோ என்ற சந்தேகம் எமக்குண்டு. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃபிறீமன் 1970இல் பெண்விடுதலைக் குழுக்களை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்: அமைப்பில்லாத குழு என்று ஒன்றில்லை; எழுதப்பட்ட விதிகள் இல்லாதபோது நண்பர்கள் சிலரின் எழுதப்படாத விதிகள் ஆட்சி செய்யும்; கணக்குக் கேட்கவும் அங்கே ஆளிருக்காது. நமது வட்டங்களுக்கும் இது பொருந்தும். 'இங்கே எல்லாரும் ஒண்டுதான்' என்று சொல்லப்படுகிற இடங்களில் அடுத்த நூலையும் பேச்சாளரையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1990இல் ஜேர்மனியில் பெண்கள் சந்திப்பு தனியாகத் தொடங்கப்பட்டதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். எல்லோருக்குமான வெளியில் எல்லோரும் பேச முடிந்திருந்தால் அதற்கு இவ்வளவு அவசியம் இருந்திருக்குமா?

2013 ஜூலையில் 41ஆவது இலக்கியச் சந்திப்பு யாழ்ப்பாணத்தில் நடந்தபோதும் கடும் சர்ச்சை எழுந்தது. அங்கு நடத்தியது சரியா பிழையா என்பது இக்கட்டுரையின் விடயமல்ல. கருத்தை மறுப்பதை விட்டு, எதிர்த்தரப்பார் யாருடைய ஆள் என்று தேடுவதில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதே எமது கவலை. விமர்சகரின் வாதத்தைப் பார்க்கும் முன்னர் அவர் பின்னால் நிற்பது யார் என்று பார்க்கும் பழக்கம், இயக்கங்களை விட்டு விலகியவர்களிடமும் இயக்கம் விட்டுச்சென்ற எச்சம்.

நம்பிக்கையைக் கேட்டு வாங்க முடியாது. 'எங்களை நம்புங்கோ' என்று சொல்லும் குழுவை முதலில் சந்தேகிக்கலாம். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். சாதிக் கதவுகள் அங்கும் இருந்தன. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டமும் கூட்டக் குறிப்பும் வாசித்துக் காட்டிய கணக்கறிக்கையும் இருந்தன. பொருளாளரின் முகத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து, 'இந்த ஐந்து ரூபாய்க்குச் சிட்டை எங்கே?' என்று கேட்க முடிந்தது. அப்படிக் கேட்க ஓர் இடம் இருந்ததால் அது பகையாக வேண்டியிருக்கவில்லை. கேட்க இடமில்லாதபோதுதான் கேள்வி வதந்தியாகிறது.

பன்னிரண்டு பேர் வட்டத்துக்குப் பெரிய யாப்பு வேண்டியதில்லை. புத்தக இரவலுக்கு எல்லோரும் புரட்டக்கூடிய ஒரு கொப்பி. வரவு செலவைக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் வாசித்தல். அடுத்த நூலை யார் தெரிவு செய்வது என்பதில் முறைவைத்தல். நூலாசிரியர் இருக்கும்போது சொல்ல முடியாததை அவர் போன பிறகு சொல்லாதிருத்தல். சஞ்சிகையென்றால், தாக்கப்பட்டவரின் பதிலை அடுத்த இதழிலேயே வெட்டாமல் போடுதல். புனைபெயர் இருக்கட்டும், ஆனால் எழுதியவருக்காகப் பதில் சொல்ல ஆசிரியர் முன்வர வேண்டும். ஒளிந்திருக்க உதவிய பெயரை ஒளிந்திருந்து கல்லெறியவும் பயன்படுத்த விடக்கூடாது.

ஒருவர் சொல்லலாம்: 'நாங்கள் கொஞ்சப் பேர். ஒரே ஊர், ஒரே வேலைத்தளம், நாளைக்கு ஒரே கலியாண வீடு. முகத்துக்கு நேரே சொன்னால் உறவு முறியும்.' இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமல்ல. ஆனால் சொல்லாமல் விட்டதால் காப்பாற்றப்பட்ட உறவுகள் எத்தனை? கதையின் முடிவு பலவீனம் என்று நேரில் கேட்ட எழுத்தாளர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அதையே மூன்றாம் ஆளிடமிருந்து கேட்டவர் பிறகு எவருடைய பாராட்டையும் நம்பமாட்டார்.

வெளிப்படைத்தன்மை என்பது எல்லாவற்றையும் சந்தியில் வைத்துப் பேசுவதும் அல்ல. ஒருவரின் அகதி விண்ணப்பம், குடும்பச் சிக்கல், கடன் என்பன நூல் விமர்சனத்துக்குள் இழுக்கப்படவே கூடாது. பொதுவானதைப் பொதுவில் பேசுவதும், தனிப்பட்டதை வாய்க்குள் வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று துணை. நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்: வட்டத்தின் கணக்கு இரகசியம், உறுப்பினரின் வீட்டு விடயம் பகிரங்கம்.

அடுத்த முறை ஒரு புத்தகம் பிடிக்கவில்லையென்றால், எழுதியவர் அந்த அறையில் இருக்கும்போதே, ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்துடன் சொல்லுவோம். அவர் மறுத்துப் பேசும்வரை கதிரையில் இருப்போம். மாற்றுக் கருத்து பற்றிய பெரிய கட்டுரைகளைப் பிறகு எழுதலாம்.