வதந்தியும் தொடர்வினையும்

2023 மார்ச் மாதத் தொடக்கம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுவதாகச் சில வீடியோக்கள் வடநாடெங்கும் பரவின. பீகார் சட்டசபையில் அமளி எழுந்தது. தொழிலாளர் பலர் அஞ்சி ஊருக்கு ரயில் ஏறினர். உண்மை என்ன? ஒரு வீடியோ, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகள் இருவரின் சண்டை. தமிழ்நாடு போலீஸ் தலைவர் இதனை விளக்கினார். ஆனால் அதற்குள் வதந்தி பாட்னா போய்ச் சேர்ந்துவிட்டது!

இத்தகைய நேரங்களில், "பொய் மெய்யைவிட ஆறு மடங்கு வேகமாகப் பரவும் என்பது விஞ்ஞான உண்மை" என்று பலர் எழுதுகிறார்கள். இது சரிதானா?

2018-ல் 'சயன்ஸ்' இதழில் வொசூகி, ராய், ஆரல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையே இதற்கு ஆதாரம். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை அவர்கள் ஆராய்ந்தனர். 1,500 பேரை எட்ட, பொய்யைவிட மெய்க்கு ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் பிடித்தது. அரசியல் பொய்களே மிக விரைந்து பரவின.

அரிய உழைப்புதான். ஆயினும் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. முதலாவது, உண்மை கண்டறியும் ஆறு நிறுவனங்கள் சோதித்த செய்திகளை மட்டுமே அவர்கள் எடுத்துக்கொண்டனர். சந்தேகத்துக்கு இடமில்லாத அன்றாடச் செய்தியை யார் சோதிக்கப் போகிறார்கள்? ஆகவே இது எல்லாச் செய்திக்கும் பொருந்தும் விதியன்று. இரண்டாவது, 2021-ல் ஜூல், உகாண்டர் என்ற இருவர் அதே விவரங்களை மறுபடி ஆராய்ந்தனர். ஒரே அளவு பரவிய பொய்யையும் மெய்யையும் ஒப்பிட்டபோது, பரவும் விதத்தில் வேற்றுமை மறைந்துவிட்டது. அதாவது பொய்க்குத் தனிச் சிறகு கிடையாது. கேட்டவர் அதை மேலும் அனுப்பும் விகிதமே சற்று அதிகம்.

இது அணுக்கருத் தொடர்வினையை நினைவூட்டவில்லையா? 100 பேர் ஒரு வதந்தியை அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் பெற்று மேலும் அனுப்புவோர் சராசரி 1.1 பேர் என்றால், பத்தாவது கட்டத்தில் அனுப்புவோர் 259 பேர். பத்துக்கு இருவர் விசாரித்து நிறுத்திவிட்டால் சராசரி 0.88 ஆகிறது, பத்தாவது கட்டத்தில் 28 பேரே எஞ்சுவர். அணு உலையில் நியூட்ரானை விழுங்கும் தண்டுகள் செய்யும் வேலையும் இதுதான்.

"ஆறு மடங்கு" என்பதை இயற்கை விதியாக எண்ணினால் கைகட்டி நிற்கத்தான் தோன்றும். வாசகர்களே, முகையூர் கடைத்தெருவில் உங்கள் கைபேசிக்கு வரும் வீடியோ எந்த ஊரில், எந்த நாளில் எடுத்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் உங்களோடு அது நிற்கட்டும்.