பரவிடுச்சு

1982-ல் வந்த இரண்டு படங்கள்: 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை'. இரண்டிலும் கதாநாயகனுக்குக் கேன்சர். இரண்டு பேரும் அதைக் காதலியிடம் மறைக்கிறார்கள். அவள் நன்மைக்காக அவளை வெறுப்பதுபோல் நடிக்கிறார்கள். கடைசி ரீலில் உயிரை விடுகிறார்கள். முதல் படத்துக்கு இசை கங்கை அமரன், அடுத்ததற்கு இளையராஜா. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்து அண்ணன் தம்பி. பாட்டுகள் மீது எனக்குப் புகாரே இல்லை, இன்றைக்கும் கேட்கலாம். புகார், இந்த மாதிரிக் கதைகள் ஊருக்குச் சொல்லித்தரும் வைத்தியத்தைப் பற்றி.

தமிழ் சினிமா டாக்டருக்கு இந்த வியாதியைப் பற்றித் தெரிந்தது மொத்தம் ஒரு வார்த்தை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'பரவிடுச்சு' என்பார். எங்கே ஆரம்பித்தது, எங்கே போனது, எப்படிப் போனது? யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாட்டுக்கு நேரம் இருக்காது.

நம் கதாசிரியர்களுக்குப் பிடித்த ரகம் பிளட் கேன்சர். கட்டி கிடையாது, ஹீரோ முகம் கெடாது, கைக்குட்டையில் கொஞ்சம் சிவப்பு போதும். (அதிலும் ஒரு வகைக்கு 2001-ல் இமாடினிப் என்ற மாத்திரை வந்து, பலர் வருஷக்கணக்கில் வேலைக்குப் போய்வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.) ரத்த அணுக்களில் பிறக்கும் புற்று, ரத்தத்தில் புகுவதற்குப் பாடுபட வேண்டியதில்லை. மார்பிலோ குடலிலோ கட்டியாகத் தொடங்கும் புற்று அப்படியில்லை. அது வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறுவதற்கு 'மெட்டாஸ்டாஸிஸ்' என்று பெயர். கேன்சர் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அதுதான். அதன் கதை எந்தத் திரைக்கதையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கேளுங்கள். உறுப்புகளின் மேல்படலத்துச் செல்கள் 'இ-கேட்ஹெரின்' என்ற புரதத்தால் பக்கத்துச் செல்லோடு கைகோத்து நிற்பவை. கட்டியின் ஓரத்தில் சில செல்கள் இந்தப் புரதத்தைக் குறைத்துக்கொள்கின்றன. 'ஸ்நெய்ல்', 'ட்விஸ்ட்' போன்ற ஜீன்கள் விழித்துக்கொண்டு செய்கிற வேலை இது. கருவில் குழந்தை உருவாகும்போது செல்கள் இடம் மாற உதவிய அதே ஜீன்கள்! பிடி விட்ட செல், எம்.எம்.பி. எனப்படும் என்ஸைம்களால் சுற்றுச்சுவரை அரித்துக்கொண்டு ரத்தக் குழாய்க்குள் நுழைகிறது. உள்ளே போனால் அடுத்த ஆபத்து. ஓட்டத்தின் வேகமே செல்லைக் கிழிக்கும். தப்பினால் எதிர்ப்பு செல்கள் கொல்லும். பிளேட்லெட்டுகளைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு சில பிழைக்கும். ரத்தத்தில் இறங்கியவற்றில் பத்தாயிரத்துக்கு ஒன்றுகூடப் புதிய கட்டியாவதில்லை என்பது பொதுவான கணக்கு.

போய்ச் சேருகிற இடமும் குருட்டாம்போக்கு அல்ல. 1889-ல் லண்டன் டாக்டர் ஸ்டீபன் பாஜெட், மார்புப் புற்றில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். ஈரலில் பரவியது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்குத்தான். ரத்தம் என்னவோ இரண்டுக்கும் போகிறது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று முடிவு சொன்னார்.

இதைக் கம்பத்து விவசாயிக்கு லண்டன்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895-லிருந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து அங்கே இறங்குகிறது. கீழே நெல், பன்னீர் திராட்சை. மேலே வண்டன்மேட்டில் ஏலக்காய். அந்த ஏல விதையைக் கம்பத்து வயலில் போட்டு அதே பெரியாற்றுத் தண்ணீரை என்னதான் பாய்ச்சினாலும் ஏலம் விளையாது.

உடம்பின் மண்ணில் அப்படி என்ன விசேஷம்? 2001-ல் ஒரு விடை கிடைத்தது. மார்புப் புற்று செல்களின் மேல் 'சி.எக்ஸ்.சி.ஆர்.-4' என்ற ஏற்பி இருக்கிறது. அதை அழைக்கும் புரதத்தை எலும்பு மஜ்ஜை, நுரையீரல், ஈரல் இவை அதிகம் சுரக்கின்றன. எலும்பில் குடியேறிய செல், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும். கரையும் எலும்பிலிருந்து வருகிற பொருட்கள் கட்டிக்கே உரமாகும். இந்தச் சுற்றை மட்டுப்படுத்த இன்று ஊசி மருந்துகள் இருக்கின்றன. அதாவது, பரவுவது என்பது ஒரு நொடித் தீர்ப்பு இல்லை; பல கதவுகளைத் தாண்ட வேண்டிய பயணம். சில கதவுகளுக்குப் பூட்டு கிடைத்திருக்கிறது, மற்றவற்றுக்குத் தேடுகிறார்கள்.

'பரவிடுச்சு' என்ற ஒற்றைச் சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது. அம்மையும் பரவுகிறது, வதந்தியும் பரவுகிறது, கேன்சரும் பரவுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். விளைவு, ஒட்டாத வியாதிக்காரருக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். அதைவிட மோசம், 'கத்தி வச்சா பரவிடும்' என்ற பயம். பயாப்ஸி ஊசி போன வழியில் புற்று முளைப்பது மிக அரிது. எந்தக் கட்டியில் ஜாக்கிரதை தேவை என்பது டாக்டர்களுக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் அந்தச் செல்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

மறைப்பதைத் தியாகமாக்கிய பெருமையும் அந்தக் கதாநாயகர்களுக்கு உண்டு. மார்பில் கட்டி தட்டுப்பட்டும், 'மக கல்யாணம் முடியட்டும்' என்று சேலைக்குள் மறைத்துக்கொள்ளும் அம்மாக்களுக்குப் பின்னணி இசை கிடையாது. க.விலக்கு அரசு மருத்துவமனைக்கு ஆறு மாதம் முந்திப் போவதற்கும் பிந்திப் போவதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கலாம்.

இனிமேல் படமெடுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஹீரோ சாகட்டும், ஆட்சேபணை இல்லை. இடைவேளைக்கு முன்பாவது கட்டியைக் காட்டி பயாப்ஸி செய்துகொள்ளட்டும். ரிப்போர்ட்டைக் காதலியிடம் கொடுக்கட்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, 'பரவிடுச்சு' என்றால், 'எங்கேருந்து எங்கே டாக்டர்? அதுக்கு மருந்து என்ன?' என்று அவள் கேட்கட்டும். பாட்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.