‘ன்’னும் ‘ர்’ரும்

தமிழில் ஒரு மனிதனைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டுமென்றால், அவன் என்ன செய்தான் என்பதற்கு முன்னால் அவனுக்கு நம்மிடம் என்ன மதிப்பு என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். வந்தானா, வந்தாரா? இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை. (மேலே ‘ஒரு மனிதனை’ என்று எழுதியபோதே நான் தீர்மானித்தாயிற்று, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.) பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது, கால்மேல் கால் போடாமல் உட்காருவது, வலது கையால் வாங்குவது இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருகிற பழக்கம். மறந்துபோனால் மன்னிப்பும் உண்டு. வினைமுற்றின் கடைசி எழுத்தில் உட்கார்ந்திருக்கும் மரியாதையை யாரும் சொல்லித் தருவதில்லை. நான்கு வயதுக் குழந்தை யாருக்கு ‘வாங்க’, யாருக்கு ‘வா’ என்று தெரு முழுவதையும் பிரித்து வைத்திருக்கிறது. எழுத்தாளன் அந்தக் குழந்தையைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ‘மரியாதை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நயமாக நடந்துகொள்வதும் மரியாதை. ஒருவருடைய அந்தஸ்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் மரியாதை. கோயிலில் பரிவட்டம் கட்டுவது முதல் மரியாதை. அதற்காக வெட்டுக்குத்து நடப்பதுண்டு. இரண்டு பொருளுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருப்பது சிக்கனத்தினால் அல்ல. அந்தஸ்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் நயம் என்ற ஒன்று இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றியதே அபூர்வம்.

ஆசாரக்கோவையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, பெருவாயின் முள்ளியார் செய்தது, நூறு வெண்பா. ஒழுக்கத்துக்கு வித்தாக எட்டைச் சொல்லி ஆரம்பிக்கிறது, அவற்றில் முதலாவது நன்றியறிதல். பெரியவர்களோடு பந்தியில் இருந்தால் அவர்களுக்கு முன்னால் உண்ணத் தொடங்காதே, முன்னால் எழாதே என்கிறது. படுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் உண்ணாதே என்கிறது. இன்றைக்கும் எந்தத் தாயும் ஒப்புக்கொள்வாள். ஆனால் அதே மூச்சில், நீராட வேண்டிய பத்துச் சமயங்களை எண்ணும்போது கீழ்மக்களின் உடம்பு பட்டதையும் வாந்தி எடுத்ததையும் ஒரே வரிசையில் வைக்கிறது. முள்ளியாருக்கு இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அவருக்கு இரண்டும் ஆசாரம். நூலின் கடைசிப் பாட்டு மட்டும் எனக்கு எப்போதும் பிடிக்கும். இத்தனை விதிகளையும் அடுக்கிவிட்டு, இவற்றிலிருந்து விடுபட்டவர்கள் என்று ஒன்பது பேரைச் சொல்கிறார்: வேற்று நாட்டான், வறியவன், முதியவன், சிறுவன், இறந்தவன், அஞ்சியவன், உண்டுகொண்டிருப்பவன், அரச காரியத்தில் இருப்பவன், மணமகன். பயந்துபோனவனிடம் ஆசாரம் கேட்காதே என்று நினைக்கத் தோன்றிய மனம் பெரிய மனம். பசியோடு உண்பவனையும் அதில் சேர்த்தது அதைவிடப் பெரிய மனம். அந்த மனம் பத்தாவது வெண்பாவில் எங்கே போயிருந்தது என்பதுதான் தெரியவில்லை.

மொழிக்கு வருவோம். எதிரில் நிற்பவரை இரண்டு விதமாகக் கூப்பிடுவது உலகத்தில் பல மொழிகளில் உண்டு. பிரெஞ்சில் உண்டு, ரஷ்ய மொழியில் உண்டு. ஆங்கிலத்திலும் இருந்தது, பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் நீதிபதியானாலும் பிரபுவானாலும் எல்லோரையும் ‘தௌ’ என்றே கூப்பிடுவோம் என்று பிடிவாதம் பிடித்து அடிபட்டார்கள். அவர்கள் எல்லோரையும் கீழே இறக்கிச் சமமாக்கப் பார்த்தார்கள். ஆங்கிலம் வேறு வழியில் போயிற்று. எல்லோரையும் ‘யூ’ ஆக்கி மேலே ஏற்றிவிட்டது. ஸ்வீடனில் 1967இல் சுகாதாரத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரோர் ரெக்ஸட் என்பவர் தன் அலுவலர்கள் அனைவரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார்; சில ஆண்டுகளில் தேசமே அப்படி ஆகிவிட்டது. இவையெல்லாம் முகத்துக்கு நேரே நடக்கும் மரியாதைகள். கூப்பிடப்படுகிறவன் கோபித்துக்கொள்ளலாம், திருப்பிக் கூப்பிடலாம். நம்முடைய விஷயம் அதைவிட ஆழமானது. படர்க்கையிலும் நமக்கு மரியாதை உண்டு. அந்த ஆள் அங்கே இல்லை, நாம் பேசுவதைக் கேட்கப்போவதும் இல்லை. ஆனாலும் அவர் ‘ன்’னா ‘ர்’ரா என்பது முடிவாகிவிடுகிறது. இல்லாத ஒருவருக்கு முதுகுக்குப் பின்னால் இடம் ஒதுக்கும் ஏற்பாடு இது. கதை எழுதுகிறவனின் தொழிலே முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான் என்பதால் அவனுக்குத் தப்பவே வழியில்லை.

இது எப்போதும் இப்படித்தான் இருந்ததா? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கத்தில் இதைத் தொட்டிருக்கிறார். ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வரும் உயர்சொல். இலக்கண நெறி அல்ல. ஒரு கையால் ஒப்புக்கொண்டு மறு கையால் தள்ளும் சூத்திரம். மரியாதைப் பன்மை அவர் காலத்திலேயே தெருவில் இருந்திருக்கிறது, அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

செய்யுள் அவர் பக்கம் நின்றது. செஞ்சிக்குப் பக்கத்தில் தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். சத்ருமல்லன் என்ற தன் பட்டப்பெயரையே ஈசனுக்கும் சூட்டி சத்ருமல்லேஸ்வரம் என்று வைத்தான். அடக்கம் அவனுடைய குணங்களில் ஒன்றல்ல. அங்கே வடமொழிக் கல்வெட்டோடு ஒரு தமிழ்ச் செய்யுளும் வெட்டப்பட்டிருக்கிறது. பாடியவர் செல்லன் சிவதாசன் என்று பெயரும் இருக்கிறது. செஞ்சிக்கோட்டைக்கு வரும் கூட்டத்தில் இங்கே எட்டிப் பார்ப்பவர்கள் சொற்பம். அந்தச் செய்யுளில் அரசன் வேந்தன்தான், போத்தரையன்தான். வினைமுற்றும் ‘ஆன்’ என்றுதான் முடிகிறது. அரசனுடைய சொந்தக் கோயிலில், அவனுடைய புகழைச் சொல்லும் பாட்டில், ‘ர்’ இல்லை. யாரும் அதை அவமரியாதை என்று நினைத்திருக்கவும் முடியாது. சங்கப் புலவன் அரசனை முகத்துக்கு நேரே ‘நீ’ என்றான். பக்திக் கவிகள் கடவுளை ‘நீ’ என்றும் ‘அவன்’ என்றும் சொன்னார்கள். கம்பனின் ராமனும் ‘ன்’தான்.

‘ர்’ எங்கே கொழுத்தது என்று பார்த்தால், உரைநடையில். அதிலும் தஸ்தாவேஜு உரைநடையில். சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முடிந்து காரியம் ஆரம்பித்ததும் ‘உடையார் ஸ்ரீ ராஜராஜ தேவர்’ வந்துவிடுகிறார். நிலம், வரி, நெல், பொன் என்று கணக்கு எழுதும் மொழிக்கு யார் பெரியவர் என்பது தெரிந்தாக வேண்டும். இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வருகிறேன், நண்பர்கள் சண்டைக்கு வரலாம்: நம் நாவலாசிரியன் கையில் கிடைத்த உரைநடை கவிஞனிடமிருந்து வந்ததல்ல, கணக்கனிடமிருந்து வந்தது. அவன் பாத்திரங்களை அறிமுகப்படுத்தும்போது பட்டா மாற்றிக்கொண்டிருக்கிறான்.

எந்தச் சராசரித் தமிழ் நாவலையும் பிரித்துப் பாருங்கள். மிராசுதார் வருகிறார், வண்டிக்காரன் வருகிறான். தலைமையாசிரியர் சொல்கிறார், அவர் மனைவி சொல்கிறாள். வண்டிக்காரனுக்கு அறுபது வயது, மிராசுதாருக்கு முப்பது. ஆசிரியர் முற்போக்காளராகவும் இருக்கக்கூடும். மூன்றாம் அத்தியாயத்தில் வண்டிக்காரனுக்காகக் கண்ணீர் விடுவார். அந்தக் கண்ணீர் ‘அவன்’மேல்தான் விழும். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது யதார்த்தம், அதை மாற்ற ஆசிரியனுக்கு உரிமையில்லை. ஆனால் கதைசொல்லியின் வாக்கியம் யாருடைய யதார்த்தம்?

புதுமைப்பித்தனுக்கு இது தெரிந்திருந்தது. 1943இல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கந்தசாமிப் பிள்ளையை ‘அவர்கள்’ போட்டு அறிமுகப்படுத்துகிறார். கடன் சொல்லிக் காலம் தள்ளும் ஒரு பத்திராதிபருக்கு ‘அவர்கள்’. பிள்ளையோ கடவுளைத் திருநெல்வேலி ‘ஓய்’ போட்டுப் பேசுகிறார். ‘நீ’யும் அல்லாத ‘நீங்க’ளும் அல்லாத அந்த நடுத்தளம் அந்தச் சீமைக்காரர்களுக்கு வாய்த்தது, யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘நீர்’ உயிரோடு இருக்கிறது. வடதமிழ்நாட்டில் எங்களுக்கு அது கிடையாது. சமமானவர்கள் என்று ஒருவரை அழைக்க எங்களிடம் சொல்லே இல்லை என்று சில சமயம் தோன்றுகிறது.

வலியை அனுபவித்தவர்கள் எழுத வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிவந்து கொடுக்கும் பெரியவரை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அது பார்த்த மாத்திரத்தில் பதிகிற படிமம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நேற்றுப் பிறந்த நாயக்கர் வீட்டுப் பிள்ளை பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், பாட்டி அதை ‘அய்யா’ என்பதும். அங்கே கண்ணுக்குத் தெரிகிற நூல் எதுவும் இல்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் அந்தக் காலனியையே ‘சாமி’ என்று கூப்பிட்டுச் சோறு கேட்கிறாள். மேலே இருந்து வந்த மரியாதை இலக்கணம் கடைசிப் படிவரை ஒழுகி வந்திருப்பதை அந்த ஒரு விளிச்சொல் காட்டிவிடுகிறது. அந்த நாவலைச் சுற்றி எழுந்த சச்சரவுகளில் இந்தச் சொல் போதிய அளவு பேசப்படவில்லை.

அரசியல் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை உதறச் சொன்னது. ‘தோழர்’ வந்தது. 1967க்குப் பிறகு ஸ்ரீயும் ஸ்ரீமதியும் போய் அரசுக் காகிதங்களில் திருவும் திருமதியும் செல்வியும் வந்தார்கள். பின்னால் திருநங்கை, மாற்றுத்திறனாளி, தூய்மைப் பணியாளர். இவை சின்ன விஷயங்கள் என்று சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘திருநங்கை’ என்ற சொல்லுக்கு முன்னால் நாம் புழங்கிய சொற்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஆனால் கவனித்தால், சீர்திருத்தம் எல்லாம் பெயர்ச்சொல்லில் நடந்திருக்கிறது. வினைச்சொல்லை யாரும் தொடவில்லை. தூய்மைப் பணியாளர் என்று தலைப்பில் இருக்கும், பத்தியில் ‘வந்தான்’ என்று இருக்கும்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒரு சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். வங்கியில் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் நாள் முழுக்க விகுதி கேட்டுக்கொண்டிருக்கிறான். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எல்லோரையும் ‘நீ’ என்பார். கைநாட்டு வைக்க வரும் கிழவிகளை ‘இந்தா, கட்டைவிரல நீட்டு’ என்பார். அவர் மேஜைக்குக் கீழே ஒரு பழைய வேட்டித் துண்டு இருக்கும். நாட்டு வைத்து முடிந்ததும் அந்த விரலைப் பிடித்து மையைத் துடைத்துவிட்டுத்தான் சீட்டைக் கொடுப்பார். பயிற்சி வகுப்பில் சொன்னபடி ‘அம்மா, இங்கே வைங்க’ என்கிற இளைஞர்கள் மை டப்பாவை நகர்த்துவதோடு சரி. கிழவிகள் சேலையிலேயே துடைத்துக்கொண்டு போவார்கள். ‘நீ’ என்ற அவரிடம் இருந்ததும் ‘நீங்க’ என்ற இவர்களிடம் இல்லாததுமான அந்தத் துணிக்கு என்ன பெயர்? ஆசாரக்கோவையில் அது கிடையாது. ஆனால் இதை வைத்து, மனம் நல்லதாக இருந்தால் போதும், வார்த்தை எப்படியிருந்தால் என்ன என்று தப்பிக்கவும் கூடாது. எதிர் வரிசை ஒப்பந்தக்காரருக்கு அவரும் ‘வாங்க’ போட்டார். யாருக்கு ‘நீ’ சொன்னால் வேலைக்கு ஆபத்து வராது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மொழிபெயர்க்க உட்காரும்போது இந்தச் சிக்கல் முழு உக்கிரத்தோடு வந்து நிற்கிறது. தல்ஸ்தோயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) ஒன்று போதும். நாற்பத்தைந்து வயதில் செத்துக்கொண்டிருக்கும் நீதிபதி. மனைவி, மகள், சகாக்கள், டாக்டர்கள் எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். அவர் சாகப்போவதில்லை என்ற பொய்யை நாசூக்காகக் காப்பாற்றுகிறார்கள். அவருடைய கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவன் வேலைக்காரப் பையன் கெராசிம். பொய் சொல்லாத ஒரே ஆள். நீதிபதியையும் வேலைக்காரனையும் ரஷ்யக் கதைசொல்லி ஒரே சுட்டுச் சொல்லால் குறிக்கிறான். தமிழில்? இவான் இலியிச் ‘அவர்’, கெராசிம் ‘அவன்’ என்று கை தானாக எழுதும். கெராசிம் இளைஞன், அதனால் ‘அவன்’ என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இளம் மாஜிஸ்திரேட்டு வந்தால் நாம் ‘ர்’ போடத் தயங்குவதில்லை. இருவருக்கும் ‘ர்’ போட்டால் அரசு அறிக்கை மாதிரி இருக்கிறது; தோளில் கால் கிடக்கும் அந்த நெருக்கம் போய்விடுகிறது. இருவருக்கும் ‘ன்’ போட்டால் படிப்பவர்கள் முதல் பத்து பக்கத்துக்கு முகம் சுளிப்பார்கள், நீதிபதியை இவன் யார் அவன் இவன் என்பது என்று. பிறகு அவர்கள் பழகிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். தளவானூர்ச் செய்யுளில் அரசனே அந்த விகுதியில்தான் நிற்கிறான். ஒரு நீதிபதி நிற்கலாம். மனைவி ப்ரஸ்கோவ்யாவுக்கு ‘ள்’ளா ‘ர்’ரா என்ற கேள்வியை நம் மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அவளுக்கு எப்போதும் ‘ள்’தான்.